பெட்டியில் வந்த பாய்மரக் கப்பலை எங்கே தொடங்குவது?

முல்லைத்தீவு சிலாவத்தையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கனடாவிலிருந்து வந்த அண்ணன் மரத்தில் செய்யும் மாதிரிக் கப்பல் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு பாய்மரங்கள் கொண்ட ஸ்கூனர், அளவு 1:60 (உண்மைக் கப்பலின் அறுபதில் ஒரு பங்கு), வழிகாட்டிப் புத்தகம் ஸ்பானிய மொழியில். இவர் இதற்கு முன் இப்படி எதையும் செய்ததில்லை. அப்பா கடற்றொழிலாளி, வீட்டில் வலை பொத்தத் தெரியும். தன்னால் முடியுமா, என்ன கருவிகள் வேண்டும், அவற்றை வன்னியில் எங்கே தேடுவது, எவ்வளவு காலம் பிடிக்கும் என்பவைதான் கேள்விகள்.

முடியும் தங்கச்சி. உங்களுக்கு வந்திருப்பது தொடக்கத்துக்கு ஏற்ற பெட்டி. ஸ்கூனரில் பாய்கள் கப்பலின் நீளவாக்கில் நிற்கும். பாயைத் தொங்கவிடக் குறுக்கே கிடக்கும் கம்புகளான பருமல்கள் குறைவு, அதனால் கயிற்று வேலையும் குறைவு. இதே பெட்டிக்குள் நெல்சனின் ‘விக்ரறி’ இருந்திருந்தால் அதை அலுமாரிக்கு மேல் ஏற்றிவைக்கச் சொல்லியிருப்பேன். 1765ஆம் ஆண்டு நீரில் இறக்கப்பட்ட அந்தப் போர்க்கப்பலில் 104 பீரங்கிகள், 37 பாய்கள். ஒவ்வொரு பீரங்கிக்கும் வண்டி, சில்லு, கயிறு, கப்பி என்று ஒரே வேலையை நூறு தடவைக்கு மேல் செய்யவேண்டும். முதல் கப்பலாக இவ்வளவு பெரிதைத் தொட்டவர்கள் பாதியில் விடுவது திறமை இல்லாமல் அல்ல, சலித்துப்போய்த்தான்.

இன்னும் பெட்டி வாங்காமல் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கப்பலுக்கு முன் ஒரு படகைக் கட்டிப் பாருங்கள். அமெரிக்காவின் மொடல் ஷிப்வேஸ் நிறுவனம் பழகுபவர்களுக்கென்றே மூன்று சிறு படகுகளை வரிசையாக வெளியிட்டிருக்கிறது. முதலாவது 1:24 அளவில் தட்டையான அடி கொண்ட மீன்பிடி டோரி, அடுத்தது 1:12 அளவில் நோர்வே நாட்டுச் சிறு பாய்ப்படகு, மூன்றாவது சிங்க இறால் பிடிக்கும் படகு. ஒன்றில் கற்றது அடுத்ததில் உதவும்படி அடுக்கியிருக்கிறார்கள். வெளிநாட்டு உறவினர் “என்ன கொண்டுவர?” என்று கேட்டால் டோரியைச் சொல்லுங்கள். விலையும் எடையும் குறைவு.

இனி உங்கள் ஸ்கூனருக்கு வருவோம். நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தவை. பெட்டியின் மேலிருக்கும் படத்தைப் பார்ப்பவருக்குப் பாய்மரமும் கயிறும்தான் கண்ணில் படும். ஆனால் அந்தக் கப்பல் அழகாக அமையுமா, கோணலாக நிற்குமா என்பது முதல் பலகையை ஒட்டுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. கப்பலின் விலா எலும்புகள் போன்ற வங்குகளை அதன் முதுகெலும்பான ஏராவில் நேராக நிறுத்துவதும் அவற்றின் விளிம்புகளைச் சீராக்குவதும்தான் அந்தக் கட்டம். அது சரியாக இருந்தால் பலகை தானாகவே படிந்து வரும். பிழைத்தால் பின்னால் எவ்வளவு பசையும் பூச்சும் போட்டாலும் உடலின் மேடுபள்ளம் மறையாது. ஆகவே இந்தப் பதிலில் உடலைப் பற்றி நிறையவும் மற்றவற்றைப் பற்றிக் குறைவாகவும் சொல்லப்போகிறேன்.

பெட்டியைத் திறந்ததும் பசையைத் தொடவேண்டாம். உள்ளே இருப்பவற்றைப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணிப் பாருங்கள். லேசரில் வெட்டிய பிளைவுட் தகடுகள் இருக்கும். நீளமாக ஓடும் துண்டு ஏரா, குறுக்கே நிற்பவை வங்குகள். மரக் கீற்றுகள் பெரும்பாலும் இரண்டு வகை. முதல் அடுக்குக்கு 1.5 அல்லது 2 மில்லிமீற்றர் தடிப்பில் வெளிறிய லைம் மரம். அதன்மேல் ஒட்டும் இரண்டாம் அடுக்குக்கு அரை மில்லிமீற்றர் அளவில் வால்நட் போன்ற கறுத்த மரம். பாய்மரத்துக்கு உருளைக் கம்புகள், இரண்டு நிற நூல், பித்தளைச் சிறுசாமான்கள், உண்மை அளவிலான வரைபடம். ஸ்பானியப் புத்தகத்தைக் கண்டு பயப்படவேண்டாம். இந்த வேலையில் வரைபடமும் படங்களும்தான் பேசும். மீதியைத் தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டினால் போதும். வரைபடத்தை வெட்டாமல் முல்லைத்தீவு நகரில் ஒரு போட்டோப்பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிரதியில் ஒரு நீளத்தை அடிமட்டத்தால் அளந்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போட்டோப்பிரதி இயந்திரங்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூட்டியோ குறைத்தோ எடுப்பதுண்டு. அது வங்கின் உயரத்தைக் கெடுத்துவிடும்.

அடுத்தது நம்முடைய காற்று. பெட்டி கனடாவில் சூடேற்றிய வீடொன்றில் இருந்து வந்திருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் காற்று மிகவும் உலர்ந்தது. கடற்கரையில் இருக்கும் உங்கள் வீட்டுக் காற்றில் ஈரம் அதிகம். மரம் ஈரத்தை உறிஞ்சிக் குறுக்குவாக்கில் பெருக்கும். கீற்றுகளைக் கட்டவிழ்த்து, வேலை செய்யப்போகும் அறையிலேயே தட்டையாகப் பரப்பி இரண்டு கிழமையாவது விடுங்கள். அந்த அறையின் காற்றுக்கு மரம் பழகட்டும். பலகை ஒட்டும் வேலையை மாரி மழைக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் வெள்ளைப் பசை காய மறுக்கும். அப்போது ஊதியிருக்கும் கீற்றை ஒட்டினால் பங்குனி வெயிலில் அது சுருங்கி, பலகைக்குப் பலகை வெடிப்பு விழும். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பின் தொடங்கினால் மாரி இறங்குமுன் உடலை மூடிவிடலாம். சோழகம் வீசும் மாதங்களில் காற்று உலர்ந்திருக்கும். ஒரே தொல்லை புழுதி. பசை காயும் வரை ஒரு பழைய சேலையால் மூடி வையுங்கள்.

கருவிகளுக்குப் பெரிய கடை தேவையில்லை. அலகு மாற்றக்கூடிய கத்தி, இரும்பு அடிமட்டம், மூலைமட்டம், ஒரு தட்டை அரம், ஒரு உருண்டை அரம், 80, 120, 180, 240 இலக்க சாண்ட் பேப்பர்கள் ஆகியவற்றை எந்த ஹாட்வெயார் கடையிலும் வாங்கலாம். நல்ல இடுக்கியும், 0.5 முதல் 1.5 மில்லிமீற்றர் வரை துளையிடும் கைத்துளைப்பானும் நகைத்தொழில் செய்பவர்களிடம் இருக்கும். உங்கள் ஊர்ப் பத்தரிடம் எங்கே வாங்கினார் என்று கேளுங்கள். கடதாசி பிடிக்கும் கறுப்புக் கிளிப்புகள், றப்பர் பாண்ட், உடுப்புக் கிளிப்புகள் நிறைய வேண்டும். உடுப்புக் கிளிப்பின் வாயைச் சீவி மெல்லியதாக்கினால் பலகையைப் பிடிக்க அதைவிட நல்ல சாமான் இல்லை. வெளிநாட்டில் விற்கும் பலகை வளைக்கும் கருவிகளை வாங்கச் சொல்லி அண்ணனிடம் கேட்கவேண்டாம். வீட்டு மின்னழுத்தி அந்த வேலையைச் செய்யும்.

பசையில் இரண்டு வகை போதும். தளபாடம் செய்பவர்கள் பாவிக்கும் வெள்ளை மரப்பசை முக்கியமானது. சூப்பர் குளூ அவசரத்துக்கு மட்டும். அது நம் வெக்கையிலும் ஈரத்திலும் நினைத்ததைவிட வேகமாக இறுகும், பிழையைத் திருத்த நேரம் தராது. மரத்தில் ஊறிய இடத்தில் பின்னர் பூசும் வாணிஸ் ஏறாமல் கறைபோலத் தெரியும். குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்தால் நீண்ட நாள் கெடாமல் இருக்கும். விரல் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், நகப்பூச்சு நீக்கும் அசிற்றோன் விடுவித்துவிடும்.

இனி முக்கிய வேலை. ஏராத் துண்டைத் தகட்டிலிருந்து வெட்டியதும் ஒரு கண்ணை மூடி அதன் நீளவாக்கில் பாருங்கள். பிளைவுட் வளைந்திருந்தால் நனைத்து, தட்டையான மேசையில் பாரம் வைத்துக் காயவிடுங்கள். வளைந்த ஏராவில் கட்டிய கப்பல் வளைந்தே இருக்கும். பின் வங்குகளைப் பசையில்லாமல் அவற்றின் பள்ளங்களில் செருகிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பள்ளத்தை அரத்தால் தொட்டுவிடுங்கள், அடித்து ஏற்றவேண்டாம். ஒவ்வொன்றும் ஏராவுக்குச் செங்குத்தாக நிற்கவேண்டும், மேல்விளிம்புகள் ஒரே கோட்டில் ஓடவேண்டும். மூலைமட்டத்தை வைத்துச் சரிபார்த்தபின் ஒவ்வொன்றாக ஒட்டி, காயும் வரை இரண்டு பக்கமும் சதுரக் கட்டை வைத்து நிறுத்துங்கள். ஒரு நாளில் எல்லாவற்றையும் ஒட்டி முடிக்கும் ஆசை வேண்டாம்.

அணியத்தில், அதாவது கப்பலின் முன்நுனியில், முதல் இரண்டு வங்குகளுக்கு இடையிலும், பின்புறத்துக் கடைசி வங்கின் பின்னாலும் மென்மரக் கட்டை வைத்து நிரப்புங்கள். பல பெட்டிகளில் இது சொல்லப்படுவதில்லை. பலகை அதிகம் வளையும் இடம் அணியம்தான். அங்கே அது சாய்வதற்குப் பிடிமானம் இரண்டு மெல்லிய விளிம்புகள் மட்டும் என்றால் இடையில் பள்ளம் விழும். கட்டை நிரப்பினால் பலகை முழு நீளத்துக்கும் படியும், ஊசியும் ஏறும். வெளிநாட்டார் பல்சா மரம் வைப்பார்கள். நம்மிடம் இலவம் இருக்கிறது, இல்லாவிட்டால் பழப்பெட்டிப் பலகையே போதும்.

அடுத்தது சீராக்குதல். இதற்கு அவசரம் கூடாது. வங்குகளின் விளிம்பு வெட்டியபடியே சதுரமாக இருக்கும். ஆனால் அணியத்தை நோக்கியும் பின்னோக்கியும் உடல் ஒடுங்குவதால் பலகை அந்த விளிம்பின் ஒரு மூலையில் மட்டும் தொடும். அந்த மூலையைச் சாய்வாக்கி, முழு விளிம்பிலும் பலகை அமரும்படி செய்யவேண்டும். ஒரு நீளமான தட்டைக் கட்டையில் 80 இலக்க சாண்ட் பேப்பரை ஒட்டி, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வங்குகளின் மேல் போகும்படி தேயுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேய்த்தால் ஒன்று தாழும், ஒன்று உயரும்.

சரி வந்ததா என்று பார்க்கும் முறை இதுதான். காலை வெயில் விழும் யன்னலுக்கு நேரே எலும்புக்கூட்டைப் பிடியுங்கள். நல்ல கீற்று ஒன்றை அணியத்திலிருந்து பின்புறம் வரை வங்குகளின் மேல் வளைத்து, இரண்டு நுனியையும் விரலால் மெல்ல அழுத்துங்கள். கீற்றுக்கும் வங்குக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் அந்த வங்கு தாழ்ந்திருக்கிறது, மெல்லிய சீவல் ஒன்றை ஒட்டி உயர்த்தவேண்டும். ஒரு வங்கில் மட்டும் கீற்று முட்டி நின்று இரண்டு பக்கமும் எழும்பினால் அது உயர்ந்திருக்கிறது, தேய்க்கவேண்டும். பிறகு கீற்றை ஒரு விரல் கீழே இறக்கி மறுபடி பாருங்கள். இப்படி மேல்தட்டுக் கோட்டிலிருந்து ஏரா வரை, இரண்டு பக்கமும். கண்ணுக்குத் தெரியாததைக் கையும் காட்டும். கீற்றைப் பிடித்திருக்கும் விரலில் ஒரு துடிப்பு உணர்ந்தால் அந்த இடத்தில் வளைவு முறிகிறது என்று அர்த்தம். இந்த வேலைக்கு ஒரு வாரம் போனால் போகட்டும்.

ஏராவின் இரண்டு பக்கத்திலும் பலகை வந்து முடியும் இடத்தைக் கொஞ்சம் செதுக்கி மெல்லியதாக்கவும் மறவாதீர்கள். இல்லாவிட்டால் பின்பகுதி தடித்துப்போகும். உண்மையான கப்பலில் சுக்கானுக்குத் தண்ணீர் ஓடும் ஒடுங்கிய பகுதி அது.

முல்லைத்தீவுக் கரையில் இப்போது நிற்பவை பெரும்பாலும் கண்ணாடி இழைப் படகுகள். 2004 கடற்கோளுக்குப் பின் அவைதான் பெருகின. ஆனாலும் எங்காவது பழைய மர வள்ளம் கவிழ்த்துக் கிடந்தால் போய்ப் பாருங்கள். அணியத்துக்குப் போகப்போகப் பலகைகள் எப்படி ஒடுங்குகின்றன, ஏராவோடு ஒட்டி ஓடும் முதல் பலகை எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்று அடியிலிருந்து பாருங்கள். அப்பாவோடு போனால் இன்னும் நல்லது. புத்தகத்தில் பத்துப் படங்கள் விளக்காததை அந்த அடி விளக்கும்.

பலகை ஒட்டுவதில் புதியவர்களைக் குழப்புவது ஒன்றுதான்: கீற்று முழுக்க ஒரே அகலம், கப்பலோ அப்படி இல்லை. நடுவங்கில் மேல்தட்டுக் கோட்டிலிருந்து ஏரா வரை ஒரு கடதாசிப் பட்டியை வளைத்து அளவெடுங்கள். 90 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். கீற்றின் அகலம் 5 மில்லிமீற்றர் என்றால் 18 பலகைகள். அதே கோட்டை அணியத்தில் அளந்தால் 54 மில்லிமீற்றர்தான் வருகிறது. 18 பலகைகளும் அங்கே அடங்கவேண்டுமானால் ஒவ்வொன்றும் நுனியில் 3 மில்லிமீற்றராக ஒடுங்கவேண்டும். ஒவ்வொரு வங்கிலும் இப்படி அளந்து பிரித்துப் பென்சிலால் குறித்துவிட்டால் எந்தப் பலகை எங்கே போகவேண்டும் என்று வங்கே சொல்லும். ஒரு வரம்பு: பாதி அகலத்துக்குக் கீழே ஒடுக்காதீர்கள். 2.5 மில்லிமீற்றருக்கும் கீழே போகவேண்டி வந்தால் இரண்டு பலகைகளை ஒன்றாக முடித்து, எண்ணிக்கையைக் குறையுங்கள். பின்புறத்தில் இதற்கு மாறாக இடைவெளி விரிவதுண்டு. அங்கே ஆப்பு வடிவத் துண்டுகளைச் செருகவேண்டும். கீற்றை வலிந்து இழுத்து இடைவெளியை மூடப் பார்த்தால் அது விளிம்பில் கிளம்பி நிற்கும்.

முதல் பலகை மேல்தட்டுக் கோட்டை ஒட்டி. அடுத்து ஏராவை ஒட்டிய பலகை. இந்த இரண்டாவதை அணியத்தில் அதிகம் மேலே ஏற்றிவிடாதீர்கள். ஏற்றினால் மேலே வரும் எல்லாப் பலகைகளுக்கும் இடம் நெருங்கி, அணியத்தில் கூர்நுனிகளாகக் குவியும். அடுத்தடுத்த பலகைகளை ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று மாறி மாறி ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை முதலில் முடித்தால் பசையும் மரமும் சுருங்கும்போது ஏரா அந்தப் பக்கம் இழுபடும், பிறகு நிமிர்த்த முடியாது.

வளைக்க, கீற்றை வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, வளையவேண்டிய இடத்தில் சூடான மின்னழுத்தியின் ஓரத்தால் மெதுவாகத் தேய்த்து வளையுங்கள். ஆவி கிளம்பும், கையைக் கவனியுங்கள். வளைத்ததை இடத்தில் கிளிப் போட்டுக் காயவிட்டு, மறுநாள் எடுத்துப் பசை பூசுங்கள். ஈரக்கீற்றை ஒட்டவே கூடாது, காய்ந்ததும் ஒடுங்கி வெளிச்சம் தெரியும். முதல் அடுக்கில் சின்ன இடைவெளிகள் வந்தால் அதே மரத்தின் தூளை வெள்ளைப் பசையில் குழைத்து அடைத்துத் தேய்த்துவிடுங்கள். அதற்காகத்தான் இரண்டாம் அடுக்கு இருக்கிறது. அந்த இரண்டாம் அடுக்கில் அரை மில்லிமீற்றர்தான் மரம். ஆசையோடு தேய்த்துக்கொண்டே போனால் கீழே உள்ள வெள்ளை மரம் வெளியே வந்துவிடும். 180, 240 இலக்கத் தாள்கள் போதும்.

இங்கே வன்னிக்காரருக்கு ஒரு வசதி உண்டு. நம் தச்சுப்பட்டறைகளில் முதிரையின் வெட்டுத்துண்டுகள் கிடைக்கும். இறுக்கமான, மெல்லிய இழையோட்டம் கொண்ட மஞ்சள் மரம். சின்ன உருப்படிகளுக்கு அதைவிட நல்ல மரம் அரிது. கப்பிகள், கைப்பிடிச் சட்டம், கப்பல் நிற்கும் பீடம் ஆகியவற்றை முதிரையில் செய்தால் பெட்டியில் வரும் மரத்தைவிடத் துலங்கும். கருங்காலித் துண்டு கிடைத்தால் பக்கவாட்டில் ஓடும் கறுப்புப் பட்டிக்கு வர்ணம் பூசவே வேண்டாம். ஆனால் காட்டில் வெட்டியதை வாங்காதீர்கள். இவற்றை வெட்டவும் ஏற்றவும் அனுமதி வேண்டும். அனுமதியோடு இயங்கும் பட்டறையில் கீழே விழும் துண்டே உங்கள் கப்பலுக்கு அதிகம். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். முகமூடி போட்டுத் தேயுங்கள், வேலை முடிந்ததும் கைகளைக் கழுவுங்கள்.

மேல்தட்டு சுலபம். ஒவ்வொரு கீற்றின் ஒரு விளிம்பிலும் மென்பென்சிலைத் தேய்த்துவிட்டு ஒட்டினால், பலகைகளுக்கு இடையே கீல் அடைத்த கோடுபோலத் தெரியும். அவ்வளவுதான்.

மேல்தட்டில் எதை வைத்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த அளவில் மனிதன் எவ்வளவு உயரம்? 1:60 என்றால் 170 சென்றிமீற்றர் ஆள் 28 மில்லிமீற்றர். கடதாசியில் அந்த உயரத்துக்கு ஒரு ஆளை வெட்டித் தட்டில் நிறுத்துங்கள். கதவு அவன் நெஞ்சுக்கு வந்தால், கைப்பிடிச் சட்டம் அவன் தலைக்கு மேல் போனால், ஏதோ பிழை. பெட்டிகளில் வரும் பித்தளைச் சாமான்கள் பல அளவுகளுக்குப் பொதுவாக வார்க்கப்படுபவை. கடதாசி மனிதன் அவற்றைக் காட்டிக்கொடுப்பான்.

பாய்மரக் கம்பு நுனிக்குப் போகப்போக ஒடுங்கவேண்டும். உருளையாகவே சீவினால் ஒரு பக்கம் சாயும். முதலில் நான்கு பக்கம், பிறகு எட்டுப் பக்கம் என்று சீவுளியால் எடுத்து, கடைசியில் சாண்ட் பேப்பரால் உருட்டுங்கள். வரைபடத்தில் பாய்மரங்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வை அப்படியே கொண்டுவாருங்கள். ஒரு பாய்மரத்தை இழப்பது கப்பலுக்கு என்ன என்பதற்கு நம் மண்ணோடு சேர்ந்த கதை ஒன்று இருக்கிறது. 1659இல் ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் மசூலிப்பட்டினத்துப் புயலில் பெரிய பாய்மரத்தை வெட்டி விட நேர்ந்து, புதியது நாட்டக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அதில் வந்து பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்து, 1679இல் அருவி ஆற்றை ஒட்டிக் காட்டுவழியே நடந்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

கயிற்று வேலையில் நீங்கள் மற்றவர்களைவிட முன்னால் நிற்கிறீர்கள். வலை பொத்தத் தெரிந்த கைக்கு இதில் புதிய முடிச்சு அதிகம் இல்லை. மரத்தைப் பிடித்து நிறுத்தும் நிலைக்கயிறுகள் முதலில், பாயை ஏற்றி இறக்கும் ஓடுகயிறுகள் பின்னால். நிலைக்கயிறு கீல் பூசியது, ஆகவே கறுப்பு. ஓடுகயிறு மங்கிய மண்நிறம். பெட்டியில் வரும் நூலில் பஞ்சு பறந்தால் தேன்மெழுகில் இரண்டு தடவை இழுத்துவிடுங்கள், படிந்துவிடும். பருத்தி நூல் மாரியில் ஈரம் குடித்து இறுகும், கோடையில் தளரும். நைலோன் இழுபட்டு நீளும். தையற்கடையில் வாங்கும் நல்ல பொலியெஸ்டர் நூல் நம் காலநிலைக்கு ஏற்றது. தடிப்பையும் கணக்குப் பாருங்கள். உண்மைக் கப்பலில் 24 மில்லிமீற்றர் கயிறு உங்கள் கப்பலில் 0.4 மில்லிமீற்றர்.

பாய்மரத்தின் இரு பக்கமும் விரிந்து இறங்கும் கயிறுகளைச் சோடி சோடியாக, வலம் ஒன்று இடம் ஒன்று என்று மாற்றிக் கட்டுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கினால் மரம் அந்தப் பக்கம் சாயும். அவற்றுக்குக் குறுக்கே மாலுமி ஏறும் படிக்கயிறுகளுக்கு உண்மையில் ஏறத்தாழ 33 சென்றிமீற்றர் இடைவெளி, உங்களுக்கு 5.5 மில்லிமீற்றர். அந்த இடைவெளியில் கோடுபோட்ட கடதாசியைப் பின்னால் செருகிவிட்டுக் கட்டுங்கள். ஓரங்களில் ஒரு முடிச்சு, நடுவில் உள்ள கயிறுகளில் இரட்டைச் சுற்று. முடிச்சை நூலில் படியும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். வலையில் போல இழுத்து இறுக்கினால் வெளிக்கயிறுகள் உள்ளே வளைந்து, இடை ஒடுங்கிவிடும். உங்களுக்கு இருக்கும் ஒரே ஆபத்து, பழகிய கையின் அந்த இறுக்கம்தான்.

பாய் வேண்டுமா என்பதில் என் கருத்து: முதல் கப்பலுக்கு வேண்டாம். பெட்டியில் வரும் துணியின் நூல் கால் மில்லிமீற்றர் என்றாலும் 60 மடங்கில் அது 15 மில்லிமீற்றர். அப்படி ஒரு துணியைக் கடலில் எந்தக் கப்பலும் விரித்ததில்லை. மேலும் பாய் விரித்தால் நீங்கள் மாதக்கணக்கில் கட்டிய கயிறுகள் அதன் பின்னால் மறைந்துபோகும். பாயில்லாத கப்பல் உங்கள் மனதுக்கு நிறைவாக இல்லாவிட்டால், பட்டம் ஒட்டும் வெள்ளை ரிசுத்தாளைத் தேநீர்ச் சாயத்தில் தோய்த்துக் காயவைத்து, சுருட்டிக் கட்டிய பாயாக வையுங்கள்.

பருமல் நிறைந்த கப்பல் பிறகு வரட்டும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை பாய்விரித்துப் போன ‘அன்னபூரணி’யும் இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பல்தான். அதில் முன் பாய்மரத்தில் பருமல்கள் இருந்தன. ஸ்கூனரை முடித்த கைக்கு அந்த வகைக் கப்பல் எட்டாத தூரம் அல்ல.

எவ்வளவு காலம் என்று கேட்டீர்கள். மாலையில் ஒரு மணித்தியாலம் உட்கார முடிந்தால் ஓராண்டுக்குள் முடிக்கலாம். அதில் ஏறத்தாழ பாதி உடலுக்குப் போகும். முடிந்தபின் கண்ணாடிப் பெட்டி கட்டாயம். அலுமினியப் பொருத்து வேலை செய்யும் கடையில் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள். அடியில் காற்றுப் போக இரண்டு சிறு துளைகள் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாரியில் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், கறையான் சுவர் வழியேதான் வரும். மேசைக் கால்களையும் இடைக்கிடை பாருங்கள்.

இப்போதைக்குக் கீற்றுகளைப் பரப்பிக் காற்றுக்கு விட்டுவிட்டு, வங்குகளைப் பசையில்லாமல் செருகிப் பாருங்கள். சீராக்கும் வேலை முடிந்ததும், முதல் பலகையை ஒட்டுவதற்கு முன், கீற்று ஒன்றை வங்குகளின் மேல் வளைத்துப் பிடித்து மூன்று படங்கள் எடுத்து அனுப்புங்கள்: அணியத்துக்கு நேரே ஒன்று, பின்புறத்துக்கு நேரே ஒன்று, வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் ஒன்று. எந்த வங்கு உயர்ந்திருக்கிறது, எது தாழ்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.